ஸ்மார்ட் கார்டு புரோகிராமர் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

புரோகிராமர், அதாவது ஸ்மார்ட் கார்டின் சில்லில் தகவலை எழுதும் உங்கள் கருவியை மேசையில் வைத்துக்கொண்டு தினமும் கார்டு எழுதுகிறவர்களில் நானும் ஒருவன். வேகம் போதவில்லை, விலை அதிகம் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. கார்டுக்குள் என்ன நடக்கிறது என்பது கருவிக்குத் தெரிந்திருந்தும், அதை எங்களிடம் சொல்லாமல் விடுகிறது என்பதுதான் என் புகார்.

தகவலைச் சேமித்து வைக்கும் எளிய ஸ்மார்ட் கார்டு வகையான எஸ்எல்இ 4442 மெமரி கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 256 பைட் நினைவகம், 3 பைட் ரகசியக் குறியீடு. குறியீட்டைத் தொடர்ந்து மூன்று முறை தப்பாகக் கொடுத்தால் அதன் பிறகு அந்தக் கார்டில் எழுதவே முடியாது. படிக்க மட்டும்தான் முடியும். இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்ற கணக்கைக் கார்டே வைத்திருக்கிறது. அதைப் படிக்க ரகசியக் குறியீடுகூடத் தேவையில்லை. அப்படியிருக்க, 'சரிபார்' பொத்தானுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் காட்ட என்ன தயக்கம்? நான் பயன்படுத்திய ஒரு மென்பொருளில் அது மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. அதைவிட மோசம், கார்டைச் செருகியதுமே கேட்காமல் கொள்ளாமல் தொழிற்சாலைக் குறியீட்டை, அதாவது புதுக் கார்டில் இருக்கும் ரகசியக் குறியீட்டை, அனுப்பிப் பார்க்கும் மென்பொருள். குறியீடு மாற்றப்பட்ட கார்டாக இருந்தால் ஒரு வாய்ப்பு அங்கேயே போச்சு.

அதே கார்டில் முதல் 32 பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பூட்டலாம். பூட்டியதைத் திறக்க வழியே கிடையாது. சாதாரண 'எழுது' பொத்தானும் இந்தப் பூட்டும் பொத்தானும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஒட்டி ஒட்டி இருக்கலாமா?

சில்லுக்குள்ளேயே சின்னக் கணினி இருக்கும் பிராசசர் கார்டுகளில் நிலைமை வேறு. ஒவ்வொரு கட்டளைக்கும் கார்டு இரண்டு பைட்டில் பதில் சொல்கிறது. 9000 வந்தால் சரி. 6700 என்றால் நீளம் தப்பு, 6982 என்றால் அனுமதி இல்லை, 6983 என்றால் குறியீடு முடங்கிவிட்டது. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. திரையிலோ மூன்றுக்கும் 'எழுத முடியவில்லை' என்ற ஒரே வரி. கார்டு தெளிவாகச் சொன்னதை நடுவில் இருக்கும் உங்கள் மென்பொருள் விழுங்கிவிடுகிறது. அந்த நான்கு இலக்கத்தை அப்படியே காட்டினாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

கார்டு பதிலே சொல்லாதபோதும் இதே கதை. சிவப்பு விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். கார்டைத் திருப்பிச் செருகிவிட்டோமா, கார்டின் மேல் தெரியும் உலோகத் தொடுதகடு அழுக்கா, 5 வோல்ட், 3 வோல்ட், 1.8 வோல்ட் என்று எதைக் கொடுத்துப் பார்த்தது? ஏடிஆர், அதாவது மின்சாரம் கொடுத்து ரீசெட் செய்ததும் கார்டு அனுப்பும் முதல் பதில், வரவே இல்லையா, வந்து குழம்பியதா? ஃபீனிக்ஸ் என்ற பழைய சீரியல் போர்ட் கார்டு ரீடர் போர்டுகளில் 3.579, 6 மெகாஹெர்ட்ஸ் என்று வேகத்துக்கு ஏற்ப ஜம்பர் என்ற சின்ன இணைப்பானை மாற்றிக்கொண்டிருந்தது எரிச்சலான வேலைதான். ஆனாலும் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது!

அப்புறம், பெட்டியின் வடிவம். சிப் எந்தப் பக்கம் என்று காட்டும் படத்தைக் கருப்புப் பிளாஸ்டிக்கில் கருப்பாகவே அச்சுவார்க்கிறீர்கள். விளக்கைப் பின்பக்கம் வைக்கிறீர்கள். செருகும் கை அதை மறைத்துவிடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டை உருவிவிடக் கூடாது என்பதால், 'எழுதுகிறேன்' என்ற சிமிட்டல் கார்டு நுழையும் வாயிலேயே தெரிய வேண்டும். சிவப்பு, பச்சை வித்தியாசம் எல்லாருக்கும் தெரிவதில்லை என்பதால் நிறத்தை மட்டும் நம்பியும் பயனில்லை. நிறைய கார்டு எழுதுகிறவர்களுக்கு, கார்டை உரசிக்கொண்டு போகும் தொடுமுனைகளைவிட, கார்டு உள்ளே போன பிறகு மேலிருந்து இறங்கி அமரும் முனைகள் நல்லது. கார்டின் தகட்டில் கீறல் குறையும். விவரக் குறிப்பில் எந்த வகை என்று எழுதுங்கள், போதும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி கார்டு ரீடர்களுக்கான பொதுத் தரமான சிசிஐடி முறைக்கு மாறிய பிறகு டிரைவர் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் தொடுதகடு மெமரி கார்டுகள் அந்த வசதிக்குள் சரியாக வருவதில்லை; அவற்றுக்கு ஆளுக்கொரு தனிக் கட்டளை வைத்திருக்கிறீர்கள். மென்பொருளைத் திருத்த உங்களுக்கு நேரமில்லை என்றால், அந்தக் கட்டளைப் பட்டியலையாவது முழுசாக வெளியிடுங்கள். வாய்ப்புக் கணக்கைக் காட்டும் திரையை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கருவியை நம்பிப் பிழைக்கும் ஒருவன்