பாக்தாத் பற்றி சுப்பையாவுக்கு

நாகூர்

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் மனசு லேசானது. வலிக்கிறது என்று நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிடாதே. தங்கச்சியிடம் போனில் சொல்லியிருக்கிறேன், அவள் உன்னை விடமாட்டாள். இங்கே எல்லாரும் சுகம். பேரன் உமர் பிளஸ் டூ தேறி காரைக்காலில் காலேஜில் சேர்ந்திருக்கிறான். தினமும் பஸ்ஸில் போய் வருகிறான்.

உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உன் கடைசிப் பக்கம். "தப்பா எடுத்துக்காதே காசிம்" என்று தொடங்கியிருந்தாய். டிவி விவாதத்தில் ஒருவர், சுன்னியும் ஷியாவும் 1400 வருஷமாக வெட்டிக்கொள்கிறார்கள், அமெரிக்கா வந்தாலும் வராவிட்டாலும் ஈராக் மாதிரி நாடுகளில் இதுதான் நடக்கும் என்று அடித்துப் பேசினார், அது உண்மைதானா என்று கேட்டிருந்தாய். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பழகுகிறவன் நீ, உனக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனாலும் அந்த வரி என்னை ரொம்பத் தொந்தரவு செய்தது. ஈராக்கின் சோற்றை மூன்று வருஷம் தின்றவன் நான்.

1981இல் நான் பாக்தாத் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், மாயவரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாயே. ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை. சம்பளத்தைவிட உம்மாவுக்குப் பெரிய சந்தோஷம், மகன் முகையதீன் ஆண்டவர் (இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானி) அடங்கியிருக்கும் ஊருக்குப் போகிறானே என்பதுதான். நாகூரில் சின்ன வயதிலிருந்து ஓதக் கேட்ட பெயர் அது. போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை பாபுஷ் ஷைகு பகுதிக்குப் போய் அந்த மக்பராவில் உம்மாவுக்காக துஆ கேட்டேன்.

எங்கள் ஸ்டோர்கீப்பரும் லாரி டிரைவரும் மைத்துனர்கள். டிரைவரின் தங்கையைத்தான் ஸ்டோர்கீப்பர் கட்டியிருந்தார். ஒருநாள் மூன்று பேரும் சாமான் அறையிலேயே மதியத் தொழுகையான லுஹர் தொழுதோம். ஸ்டோர்கீப்பர் சட்டைப்பையிலிருந்து பிஸ்கெட் அளவுக்கு ஒரு மண்வில்லையை எடுத்து முன்னால் வைத்து, சுஜூதில் அதன்மேல் நெற்றியை வைத்தார். கர்பலா மண், நபியின் பேரர் ஹுஸைன் கொல்லப்பட்ட இடத்து மண். கைகளையும் எங்களைப்போல் கட்டவில்லை. அவர் ஷியா என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூடவே வேலை பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தொழுது முடித்ததும் டிரைவர் டீ ஊற்றிக் கொடுத்தார், பேச்சு பழையபடி சிமெண்ட் லோடுக்குப் போய்விட்டது.

அதனால் சதாம் காலம் பொற்காலம் என்று நினைத்துவிடாதே. நான் போவதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் பாகிர் அஸ்-சத்ர் என்ற பெரிய ஷியா அறிஞரையும் அவர் தங்கையையும் கொன்றிருந்தார்கள். உன் பாட்டன் பாரசீகக்காரன் என்று சொல்லி ஏராளமான ஷியா குடும்பங்களை ஈரான் எல்லையில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். ஈரானோடு போர் நடந்த வருஷங்களில், கொடி போர்த்திய சவப்பெட்டிகள் டாக்ஸிகளின் கூரையில் கட்டி ஊருக்கு வரும். அதில் வந்தவர்களில் பெரும்பாலோர் தெற்கத்தி ஷியா பையன்கள். ஷியா நாடான ஈரானை எதிர்த்து ஈராக்குக்காகச் செத்தவர்கள். ரத்தத்திலேயே பகை என்றால் அது எப்படி நடந்திருக்கும்?

பிளவு இல்லை என்று சொல்ல வரவில்லை. நபியவர்களுக்குப் பிறகு தலைமை யாருக்கு என்பதில் தொடங்கிய பிளவு அது, கர்பலாவில் ரத்தம் சிந்தியது. துருக்கி உதுமானியரும் ஈரான் சஃபவிகளும் பாக்தாத்துக்காக மாறிமாறிச் சண்டை போட்டபோது இரண்டு பேருமே மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள். ஆனால் கீழே ஜனங்கள் கலந்துதான் இருந்தார்கள். ஷம்மர், ஜுபூர் மாதிரிப் பெரிய குலங்களில் ஒரு கிளை சுன்னி, ஒரு கிளை ஷியா. 1917இல் பிரிட்டிஷ் தளபதி மாட் பாக்தாத்தைப் பிடித்ததும், நாங்கள் வெல்ல வரவில்லை, விடுவிக்க வந்திருக்கிறோம் என்று அறிக்கை விட்டார். (அந்தப் படையில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள், மதராஸ் சாப்பர்ஸும் உண்டு.) மூன்றே வருஷத்தில், 1920இல், ஜனங்கள் அவர்களுக்கு எதிராக எழுந்தார்கள். அப்போது பாக்தாத் பள்ளிவாசல்களில் நபி புகழ் பாடும் சுன்னிகளின் மவ்லிதும் ஷியாக்களின் துக்க மஜ்லிஸும் ஒரே கூட்டமாக நடந்தன. கிளர்ச்சியை விமானத்திலிருந்து குண்டு போட்டு அடக்கினார்கள். மறு வருஷம் அரேபியாவின் ஹிஜாஸிலிருந்து ஃபைசல் என்ற இளவரசரைக் கொண்டுவந்து அரசராக்கி, சிறுபான்மை சுன்னி மேட்டுக்குடியின் கையில் ஆட்சியைக் கொடுத்தார்கள். ஷியா பெரும்பான்மையின் மனசில் அந்தப் புண் ஆறவே இல்லை.

அப்புறம் 2003. இல்லாத ஆயுதத்தைத் தேடி அமெரிக்கா உள்ளே வந்தது. சதாம் விழுந்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அடுத்து செய்ததுதான் நாட்டைக் கொன்றது. மே மாதத்தில், நிர்வாகத்துக்கு அமெரிக்கா அனுப்பிய பால் பிரெமர் இரண்டு உத்தரவு போட்டார். சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தில் இருந்தவர்களுக்கு அரசு வேலை கிடையாது, ராணுவம் கலைக்கப்பட்டது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கான ஆட்கள் ஒரே வாரத்தில் வேலை இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். பின்னாளில் ஐஎஸ் படையை நடத்தியவர்களில் சதாமின் பழைய அதிகாரிகள் பலர். 2014இல் ஐஎஸ் பிடித்த திக்ரித்தில் மாட்டிக்கொண்ட 46 நர்ஸுகள், அதில் ஒரு பெண் நம் தூத்துக்குடி, திரும்பி வரும்வரைக்கும் என் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அந்தக் கதையின் வேர் அங்கே இருக்கிறது.

அதே 2003 ஜூலையில் அமெரிக்கர்கள் ஒரு ஆட்சிக் குழு அமைத்தார்கள். 25 பேர். 13 ஷியா, 5 சுன்னி அரபு, 5 குர்து, 1 துருக்மான், 1 அசீரியக் கிறிஸ்தவர். இதில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரையும் ஷியா கணக்கில்தான் சேர்த்தார்கள் சுப்பையா! வாழ்நாள் முழுக்க வர்க்கம் பேசியவரைப் பிறந்த வீட்டின் பிரிவை வைத்து எண்ணினார்கள். இந்தப் பங்கீட்டை அரபியில் முஹாஸஸா என்பார்கள். குடியரசுத் தலைவர் குர்து, பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி என்று இன்றுவரை அதுதான் வழக்கம். அரசியல் சட்டத்தில் எழுதவில்லை, ஆனால் யாரும் மீறுவதில்லை. ஒவ்வொரு அமைச்சகமும் ஒரு கட்சியின் கஜானா. வாட்ச்மேன் வேலை வேண்டுமானாலும் கட்சிக்காரன் சிபாரிசு வேண்டும், அந்தக் கட்சி உன் பிரிவுக் கட்சியாகத்தான் இருக்கும். இப்படி இருந்தால் எந்த மனிதனும் தன் பிரிவைத்தானே இறுக்கிப் பிடிப்பான்?

அந்த இடைவெளியில் எல்லாரும் கையை நுழைத்தார்கள். ஈரான் தன் மண்ணில் வளர்த்த பத்ர் என்ற ஷியா படை உள்துறைக்குள்ளேயே புகுந்தது. சிரியா எல்லை வழியாக வெளிநாட்டுப் போராளிகள் வந்தார்கள். ஈராக்கில் அல்காயிதா தலைவனாக இருந்த ஜோர்டான்காரன் ஸர்காவி, ஷியாக்களைக் கொன்றால்தான் உள்நாட்டுப் போர் மூளும் என்று திட்டம் போட்டே கொன்றான். 2006 பிப்ரவரியில் சாமர்ராவில் இமாம்களின் தங்கக் குவிமாடத்தைத் தகர்த்தார்கள். சாமர்ரா சுன்னி ஊர். தலைமுறை தலைமுறையாக அந்த ஷியா தர்காவைப் பார்த்துக்கொண்டவர்கள் உள்ளூர் சுன்னிகள். அதற்குப் பிறகு மூவாயிரம் பேருக்கு மேல் செத்த மாதங்கள் உண்டு.

அந்த நாட்களில் பாக்தாத்காரர்கள் இரண்டு அடையாள அட்டை வைத்திருந்தார்கள். ஒன்று சொந்தப் பெயரில், இன்னொன்று எதிர்த் தரப்புப் பெயரில். சோதனைச் சாவடியில் நிற்பவன் யார் என்று பார்த்து அட்டையை எடுக்க வேண்டும். உமர் என்ற சுன்னிப் பெயர் இருந்தாலே போதும், காரை விட்டு இறக்கிச் சுட்டார்கள். என் பேரனுக்கு நாங்கள் ஆசையாக வைத்த பெயர் அது. தினமும் காலையில் அவன் பஸ் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

2007இல் அமெரிக்கப் படை அஃளமிய்யாவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு கான்கிரீட் சுவர் எழுப்பியது. அது இமாம் அபூ ஹனீஃபா அடங்கியிருக்கும் சுன்னிப் பகுதி. நான் மாலையில் நடந்து போய் மீன் வாங்கின தெருக்கள். திஜ்லா (டைக்ரிஸ்) நதிக்கு எதிர்க்கரையில் ஷியாக்களின் காழிமிய்யா. நடுவில் இமாம்களின் பாலம். 2005 ஆகஸ்ட் 31 அன்று, தற்கொலைக் குண்டுக்காரன் வந்துவிட்டான் என்ற புரளியில் அந்தப் பாலத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஷியா யாத்ரீகர்கள் நெரிசலிலும் ஆற்றிலும் செத்தார்கள். அஃளமிய்யா சுன்னிப் பையன்கள் ஆற்றில் குதித்து இழுத்துக் கரை சேர்த்தார்கள். அதில் ஒருவன் பலபேரைக் காப்பாற்றிவிட்டுக் களைத்துத் தானும் மூழ்கிப்போனான். டிவியில் பேசினவர் இதைச் சொன்னாரா?

ஈராக் மட்டும் இல்லை, ஏமனையும் எடுத்துக்கொள். அங்கே ஸைதி ஷியாக்களும் நம்மைப்போன்ற ஷாஃபி சுன்னிகளும் ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள். 1962இல் எகிப்தின் ஆதரவோடு குடியரசு வந்தபோது, ஸைதி இமாமின் ஆட்சியைத் திரும்பக் கொண்டுவரப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி. 2015இல் ஸைதி ஹூதிகள் மேல் குண்டு போட்டதும் அதே சவூதி. ஸைதிகளின் மார்க்கம் மாறவில்லை, சவூதியின் அரசியல் கணக்குதான் மாறியது.

எல்லாப் பழியையும் வெளியார் தலையில் போட்டுவிட்டு நாங்கள் கை கழுவ முடியாது. குர்து ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு வீசிய சதாம் எங்கள் கலிமாவைச் சொன்ன முஸ்லிம்தான். (அப்போது அவன் மேற்கு நாடுகளுக்கு நண்பன் என்பது வேறு விஷயம்.) ஷியா கட்சித் தலைவர் மாலிக்கி எட்டு வருஷம் பிரதமராக இருந்து சுன்னிகளை ஒதுக்கினார். பள்ளிவாசல் மேடையான மிம்பரில் நின்று எதிர்ப் பிரிவுக்காரனைக் காஃபிர் என்ற ஆலிம்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவனுக்குக் கதவைத் திறந்தவர்கள் இவர்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

2019 அக்டோபரில் பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் பிள்ளைகள் கூடினார்களே, பார்த்தாயா? பெரும்பாலும் ஷியா வீட்டுப் பிள்ளைகள், எதிர்த்தது ஷியா கட்சிகளின் ஆட்சியை. "எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்" என்பதுதான் கோஷம். ஷியாக்களின் புனித நகரமான நஜஃபிலேயே ஈரான் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்தார்கள். அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு ஓடியது நம்ம ஊர் ஆட்டோ, அந்த வண்டியேதான். புகைக்குள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் ஆட்டோக்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் அறுநூறு பேருக்கு மேல் கொன்றார்கள். பிரதமர் ராஜினாமா செய்தார். முஹாஸஸா அப்படியேதான் இருக்கிறது.

சரி, கை வலிக்கிறது. வரும் கந்தூரிக்குக் கட்டாயம் வா, அதற்குள் கால் சரியாகிவிடும். மாடி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதோடு ஒரு போட்டோவின் பிரதி வைத்திருக்கிறேன். 1983இல் சைட்டில் எடுத்தது. இடப்பக்கம் மீசையோடு நிற்பவர் டிரைவர், வலப்பக்கம் ஸ்டோர்கீப்பர், நடுவில் ஒல்லியாக நான். குவைத் போர் வந்த வருஷம் வரைக்கும் இரண்டு பேரும் கடிதம் போட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டிரைவர் வீடு அஃளமிய்யாவில், ஸ்டோர்கீப்பர் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்.

உன்,
காசிம்