பெட்டிக்குள் போன கார்ட்டூன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. அன்றைக்கு போனில் நீ கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இந்தப் பக்கம் மிக்ஸி, அந்தப் பக்கம் உன் ரயில் சத்தம். சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆபீஸில் மும்பை, டெல்லிப் பிள்ளைகள் கார்ட்டூன் நெட்வொர்க் பற்றிப் பேச ஆரம்பித்தால் உனக்குப் பாதி பிடிபடுவதில்லை என்றாய். அவர்கள் பொற்காலம் என்று கொண்டாடுகிற வருஷங்களில் உனக்கும் அதே வயதுதான். ஆனாலும் நம்ம தெருவில் யாரும் அதைப் பார்த்துப் பேசியதாக ஞாபகம் இல்லையே என்றாய். உன் ஞாபகம் சரிதான். சென்னையில் அந்தச் சில வருஷங்கள் வேறு மாதிரி போயின. சிந்தாதிரிப்பேட்டையிலும் புதுப்பேட்டையிலும் வீடு வீடாகக் கேபிள் இழுத்தவன் சொல்கிறேன், கேள்.

அந்தச் சேனல் இந்தியாவுக்கு வந்தது 1995 மே மாதம். நீ அப்போது பிறக்கவே இல்லை. வந்தபோது அது முழுச் சேனலும் இல்லை, அரை நாள் சேனல். பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும். சாயங்காலம் ஆனதும் அதே அலைவரிசையில் டி.என்.டி. என்று இன்னொரு சேனல் வந்து உட்கார்ந்துவிடும். அதில் பழைய ஹாலிவுட் படங்கள், பாதிக்குப் பாதி கறுப்பு வெள்ளை. பிற்பாடு கார்ட்டூன் நேரம் நீண்டு இரவு வரை போனது, ஆனாலும் ஒரு மணிக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள். 2001-இல்தான் இருபத்து நாலு மணி நேரமும் கார்ட்டூன் என்று ஆனது.

ஆரம்பத்தில் சாயங்காலம் கார்ட்டூன் நிற்கிற நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் தலைவலி. கன்ட்ரோல் ரூமில் போன் அடிக்கும். "அண்ணே, கார்ட்டூன் கட் ஆயிடுச்சு, லைன் பாருங்க" என்று ஒரு பொடியன் குரல். லைனில் ஒன்றும் இல்லடா, நேரம் முடிஞ்சு போச்சு என்றால் நம்ப மாட்டான். "இல்லண்ணே, யாரோ தொப்பி போட்டவரு வராரு" என்பான். அடுத்த நாள் கலெக்‌ஷனுக்குப் போனால் அவன் அம்மா காசு எடுத்துத் தருமுன் அதே புகாரைச் சொல்வார்கள். இந்த அரை நாள் விஷயத்தைத் தெருவுக்குத் தெரு விளக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஏன் அப்படி இரண்டு சேனலை ஒன்றாகக் கட்டினார்கள் என்று நீ கேட்பாய். இரண்டுக்கும் முதலாளி ஒருவர், டெட் டர்னர். எம்.ஜி.எம். கம்பெனியின் பழைய படங்களை 1986-இலும், ஹன்னா பார்பெரா கார்ட்டூன் கம்பெனியை 1991-இலும் அவர் வாங்கிப் போட்டார். கையில் இவ்வளவு சரக்கு இருக்கிறதே என்று 1992 அக்டோபரில் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். புதுச் சேனலில் பூராவும் பழைய சரக்கு ஓடியதற்குக் காரணம் அதுதான். பிளின்ட்ஸ்டோன்ஸ் 1960, ஜெட்சன்ஸ் 1962, ஸ்கூபி டூ 1969. டாம் அண்ட் ஜெர்ரி இன்னும் பழசு, 1940-இல் ஆரம்பித்தது. உன் தாத்தா வயசுக்காரப் பூனையும் எலியும்! தாத்தா அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார். அதில் பேச்சு அதிகம் கிடையாது என்பதால் இங்கிலீஷ் தெரியாத வீட்டிலும் சேனல் மாற்றாமல் விட்டுவைத்தார்கள்.

புதுப்பேட்டைப் பையன்களுக்கு மட்டும் அது போதாது. அவர்களுக்கு அதே சேனலில் வந்த ஸ்வாட் கேட்ஸ் கார்ட்டூன் என்றால் உயிர். இரண்டு பூனைகள் பகலில் உடைசல் வண்டிகள் குவிந்த யார்டில் மெக்கானிக் வேலை பார்க்கும். வில்லன் வந்துவிட்டால் முகமூடி போட்டுக்கொண்டு ஜெட்டில் ஏறிப் பறக்கும். அந்த ஜெட்டையும் பழைய இரும்பு, கழித்துப் போட்ட பாகங்களை வைத்து அவைகளே கட்டியது. கியர் பாக்ஸும் கதவும் பம்பரும் நடைபாதை வரை அடுக்கி வைத்திருக்கிற புதுப்பேட்டையில் வளர்ந்த பையனுக்கு இதைவிட நெருக்கமான கதை எங்கே கிடைக்கும்? கடையில் வேலை பார்த்த ஒருத்தன் இரண்டு சைலன்ஸர் குழாயைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஒரு மாருதி கதவின் மேல் வைத்து, அதுதான் ஜெட் என்று காட்டினான். கதவு விற்றுப்போனதும் ஜெட்டும் போச்சு. இதில் வேடிக்கை, நம்ம ஊரில் அது ஓட ஆரம்பித்தபோது அமெரிக்காவில் அந்தத் தொடர் முடிந்தே போயிருந்தது. 1995 ஜனவரியோடு சரி. எங்களுக்கு எப்படித் தெரியும்? புதுசு வரும், புதுசு வரும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அப்போதைய கேபிள் என்பது உனக்குத் தெரிந்த கேபிள் இல்லை. மாடியில் டிஷ். ஒவ்வொரு சேனலுக்கும் தனியாக ஒரு ரிசீவர், அதை டி.வி. நம்பரில் ஏற்றுகிற ஒரு மாடுலேட்டர். எந்தச் சேனலை எந்த நம்பரில் போடுவது என்பது என் கையில் இருந்தது. பழைய டி.வி.களில் கொஞ்சம் நம்பர்கள்தான் இருக்கும். மேல் பேண்டில் போட்ட சேனலை அந்த டி.வி. எடுக்காது. வியாபாரம் தெரிந்தவர்கள் கீழ் நம்பர்களை சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும்தான் கொடுப்பார்கள். நான் கார்ட்டூனைக் கீழே போட்டேன். பார்ட்னர் திட்டினார். ஆனால் பிள்ளைகள் அழுத வீட்டில் பில் பாக்கி நிற்காது என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்த 2003 வந்தது. உனக்கு ஆறு வயசு. இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை.

மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கண்டிஷனல் ஆக்சஸ் சிஸ்டம் என்று பெயர், காஸ் என்று சுருக்கமாகச் சொல்வோம். கட்டணச் சேனல்கள் எதுவானாலும் இனி செட் டாப் பாக்ஸ் வைத்தால்தான் தெரியும். பெட்டி இல்லாதவர்களுக்கு இலவசச் சேனல்கள் மட்டும், மாதம் 72 ரூபாயும் வரியும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா நான்கு ஊருக்கும் சேர்த்துத்தான் முதலில் அறிவித்தார்கள். கடைசியில் 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது சென்னையில் மட்டும். மற்ற மூன்று ஊருக்கும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். 2006 டிசம்பர் கடைசியில்தான் அங்கெல்லாம் வந்தது, அதுவும் சில பகுதிகளுக்கு மட்டும்.

புரிகிறதா? மூன்று வருஷத்துக்கு மேல், மும்பையில் பிள்ளைகள் பழையபடி ரிமோட்டைத் தட்டினால் கார்ட்டூன் வந்தது. சென்னையில் தட்டினால் புள்ளி மழை. பெட்டி வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும், அதற்கு மேல் சேனலுக்குத் தனிக்காசு. பெரியவர்களுக்கு வேண்டிய சீரியலும் செய்தியும் பெட்டி இல்லாமலே வந்துவிட்டது. அப்புறம் கார்ட்டூனுக்காக எந்த அப்பா அவ்வளவு செலவு செய்வார்? நம்ம ஏரியாவில் பெட்டி வைத்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 72 ரூபாய் ஆனதில் பெற்றோர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வருமானம் பாதியாகக் குறைந்தது வேறு கதை.

அதே கம்பெனியின் இன்னொரு குழந்தைகள் சேனலான போகோ தொடங்கியது 2004 ஜனவரி 1. அது பிறந்தபோதே சென்னைக்கு அது பெட்டிக்குள் இருந்த சரக்கு. உன் ஆபீஸ்காரர்கள் போகோ, போகோ என்று உருகும்போது நீ முழிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நீ முழுசாக முழிக்க வேண்டியதும் இல்லை. நம்ம கன்ட்ரோல் ரூமில், வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு டெமோ பெட்டி வைத்திருந்தேன், பதினான்கு இன்ச் டி.வி.யோடு. பள்ளிக்கூடம் விட்டதும் நீ பையைக் கழற்றாமலே வந்து ஆம்ப்ளிஃபையர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிடுவாய். கொஞ்ச நாளில் தெருப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பெட்டி சூடாகி நடுவில் நின்றுவிடும். ஒருத்தன் பரீட்சை அட்டையால் விசிறுவான், அதற்கு மறுபடி உயிர் வரும்.

அப்போது கார்ட்டூன் நெட்வொர்க்கின் முகம் மாறியிருந்தது. அமெரிக்காவில் 2004-இல் கொண்டுவந்த தோற்றம், பிறகு இங்கும் வந்தது. நிகழ்ச்சிக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவே சில நொடித் துண்டுகள் போடுவார்கள். எல்லாக் கார்ட்டூன் ஆட்களும் ஒரே நகரத்தில் குடியிருப்பது போல. ஒரு கார்ட்டூனின் ஆள் தெருவில் நடந்து போனால் எதிரே வேறொரு கார்ட்டூனின் ஆள் வருவார். நிகழ்ச்சியை விட அந்தத் துண்டுகளுக்குத்தான் நீ காத்திருப்பாய். "அப்பா, இவங்கெல்லாம் ஒரே ஏரியாவா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அப்படியானால் அவர்களுக்குக் கேபிள் யார் கொடுப்பது என்று அடுத்த கேள்வி!

ஊரில் ஞாபகம் என்று பேசுகிறவர்கள் அதற்கு முந்தைய தொண்ணூறுகளைப் பேசுவார்கள், அல்லது பிந்தையதைப் பேசுவார்கள். நடுவில் வந்த இந்த நகரத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கென்னவோ அந்தச் சேனல் செய்ததிலேயே புத்தியான வேலை அதுதான் என்று தோன்றும். அமெரிக்காவில் அந்தச் சேனலின் இணையதளத்தையே 2024-இல் மூடிவிட்டார்கள் என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் இனி யார் இதையெல்லாம் எடுத்து வைக்கப்போகிறார்கள்?

பெட்டியில்லாத பிள்ளைகள் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. சன் டி.வி.யில் 2004-இல் மை டியர் பூதம் வந்தது. சென்னைப் பிள்ளைகளுக்கு டிஜிமான், போக்கிமான் எல்லாம் அதில் வந்த குட்டிப் பூதம் மூசாதான்.

அடுத்தது உனக்கே தெரியும். 2006 செப்டம்பரில் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. அதுவும் பதினான்கு இன்ச்தான். அதுவரை டி.வி.யே இல்லாத வீடுகளிலிருந்து கனெக்‌ஷன் கேட்டு ஆட்கள் வந்தார்கள். 2007 ஏப்ரல் 29-ஆம் தேதி சுட்டி டி.வி. தொடங்கியது. பகல் முழுக்கத் தமிழிலேயே பேசுகிற கார்ட்டூன் சேனல்! இரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயலோ என்னவோ, தெருவில் நான் பார்த்தது இதுதான்: பெட்டி வந்ததிலிருந்து வெறிச்சோடிக் கிடந்த சாயங்காலம் மறுபடி நிரம்பியது. டோராவும் புஜ்ஜியும் வந்தார்கள். "குள்ளநரி திருடக் கூடாது" என்று மூன்று முறை ஒரு வீட்டில் கத்தினால் எதிர் வீட்டிலும் அதே சத்தம். உனக்கு அப்போது பத்து வயசு, டோரா சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம் என்று அலட்டிக்கொள்வாய். ஜாக்கி சான் கார்ட்டூன் வந்தால் மட்டும் அசைய மாட்டாய். சீன ராசி மிருகங்கள் பொறித்த அந்தப் பன்னிரண்டு மந்திரக் கற்களின் சக்தியையும் வரிசையாக ஒப்பிப்பாய். கணக்கு வாய்ப்பாடு அந்த வேகத்தில் வந்ததில்லை.

உன் மும்பைக்காரர்களிடம் ஜாக்கி சானின் மாமா தமிழில் எப்படிக் கத்துவார் என்று செய்து காட்டு. நீ நன்றாகச் செய்வாய். அவர்களுக்குத் தெரியாதது உன்னிடமும் இருக்கிறது.

எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு. தமிழில் அவ்வளவு அழகாகக் குரல் கொடுத்தவர்களின் பெயரை நான் திரையில் பார்த்ததே இல்லை. கடைசியில் எழுத்து ஓடினால் அதில் வெள்ளைக்காரப் பெயர்கள்தான். அந்த மாமாவுக்குக் குரல் கொடுத்தவர் யார் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்துகொள்ள ஆசை. இன்டர்நெட்டில் தேடத் தெரிந்தவள் நீ. கிடைத்தால் வாட்ஸ்அப்பில் போடு, அம்மாவுக்கும் சொல்ல வேண்டும். அவள் அது பெண் குரல் என்று சாதிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா