துண்டு தேடி வந்த பிள்ளை

வெள்ளவத்தை, கொழும்பு

அன்புள்ள மச்சான்,

நீயும் அம்மாவும் சுகந்தானே? நாலு மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான். ஏச்சை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

போன கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, கம்பஸில் படிக்கிறவள், எங்கள் நூலகத்துக்கு வந்தாள். கணினிப் பட்டியலில் ‘துண்டு’ என்று அடித்தாள். வந்ததெல்லாம் துண்டுப்பிரசுரம். கட்சிப் பிரசுரம், கோயில் பிரசுரம் என்று மூன்று பக்கம். அவள் தேடியது தோட்டம் மாறிப் போகிற தொழிலாளியின் கடனை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்களே, அது. அதைப் பற்றிய புத்தகம் அவளுடைய கதிரைக்குப் பின்னால் இரண்டாம் தட்டிலேயே இருந்தது. நாங்கள் அதை ‘தொழிலாளர் கடன்’ என்று ஆங்கிலத்தில் பதிந்திருக்கிறோம். “எங்க ஆளுங்களப் பத்தி ஒண்ணும் இல்லீங்களா சேர்?” என்று கேட்டாள்.

அன்றிரவே ஒன்டோலொஜி வேலையை, அதாவது எந்தப் பொருள் எதோடு என்ன உறவு என்று கணினிக்கு எழுதிக் கொடுக்கிற வேலையை, தொடங்கிவிட்டேன். எங்கள் வாத்தியார் தாடி சேர் அந்த நாளில் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது. பட்டியலுக்கு எழுத்து மட்டுந்தான் தெரியும். துண்டு ஓர் ஆவணம், அதில் இருப்பது கடன், அதைக் கட்டி ஆளை எடுப்பது புதுத் தோட்டம், நடுவில் நிற்பவர் ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தால், துண்டு என்று அடித்தவளுக்குக் கங்காணி முறை பற்றிய நூலும் வரும். சிலோன் என்று பதிந்ததும், 1972க்குப் பிறகு ஸ்ரீலங்கா என்று பதிந்ததும் சேர்ந்தே வரும்.

ஆனால் ‘மலையகத் தமிழர்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பழைய பதிவுகளில் ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்டத் தொழிலாளர்’, அதற்கும் முந்தியதில் ‘கூலி’. முதலில் எல்லாவற்றையும் ஒரே பொருளாகக் கட்டினேன். பிறகு நித்திரை வரவில்லை. தோட்டத்தில் கால் வைக்காத மலையகத் தமிழர் எத்தனை பேர், நீயே கணக்காளன். தொழிலும் சனமும் ஒன்றாகுமா? தோட்டத் தொழிலாளரைப் பிரித்து, ‘தொடர்புள்ளது’ என்று மட்டும் இணைத்தேன். அப்புறம் அந்தக் ‘கூலி’. இப்படிச் சொற்களையும் உறவுகளையும் கணினிக்கு எழுத 2009இல் வந்த ஸ்கொஸ் (SKOS) என்ற தரத்தில் மறைபெயர் என்று ஒரு வசதி உண்டு: தேடினால் அகப்படும், திரையில் தெரியாது. அதில் போட்டேன். பாட்டனைத் தேடி வருகிற பிள்ளை அந்தச் சொல்லைத் தலைப்பாகப் பார்க்கக் கூடாது மச்சான்.

சரி, உனக்கு ஒரு வேலை. அம்மாவிடம் கேட்டுத் தோட்டத்துச் சொற்களை எழுதி அனுப்பு. லயம், பெரட்டு, எல்லாம். எது எதோடு சேரும் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு எழுது. பிள்ளை வருகிற புதன்கிழமை மறுபடி வருகிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்