சிறுநீரக வருத்தமுள்ள பிள்ளைகளின் இதயத்தைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

சிறுநீரக நோய் பற்றி நம் பத்திரிகைகளில் அடிக்கடி கட்டுரை வருகிறது. ஆனால் அநுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகள், கிணற்றுத் தண்ணீர் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதுவும் எழுதவேண்டியதுதான். ஆனால் பிள்ளைகளுக்கு வரும் சிறுநீரக வருத்தம் வேறு. நிறையப் பேருக்கு சிறுநீர்ப் பாதையில் பிறக்கும்போதே இருந்த கோளாறால் வருகிறது. நோய் முற்றிய பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியமான காரணங்களில் இதயமும் ஒன்று என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

என் தங்கையின் மகனுக்கு ஒன்பது வயது, சிறுநீரக வருத்தத்துக்குக் கிளினிக்குக்குப் போய்வருகிற பிள்ளை. ஓர் இரவு சத்தியும் வயிற்றோட்டமும். தகப்பன் பக்கத்துப் பாமசிக்கு ஓடினார், பிள்ளைக்கு வேறு வருத்தம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமலே சத்தியை நிறுத்தும் டொம்பெரிடோன் பாணியை எடுத்து நீட்டிவிட்டார்கள். அம்மம்மா தெம்பிலி வெட்டிக் கொடுத்தார், இடையில் வயிற்றோட்டத்துக்குக் குடிக்கும் ஜீவனி உப்புக் கரைசலும் கரைத்துக் கொடுத்தார்கள். எந்த வீட்டிலும் செய்வதுதான். விடியும்போது பிள்ளை கால் தூக்க ஏலாது என்று சொன்னான், அவ்வளவுதான் அறிகுறி, நெஞ்சு நோகிறது என்றுகூடச் சொல்லவில்லை. வைத்தியசாலையில் ஈசிஜி எடுத்ததும் டாக்டர் அந்தத் தாளைத் தங்கையிடம் காட்டி, கூடாரம் மாதிரிக் கூர்ந்து நின்ற அலைகளைப் பேனையால் தொட்டு, பொட்டாசியம் ஏறிவிட்டது, இப்படியே விட்டால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும் என்றாராம். சாதாரணமாக 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்கவேண்டியது, அவனுக்கு 7ஐத் தாண்டியிருந்தது. கல்சியம் மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினார்கள், பிறகு குளுக்கோசோடு இன்சுலின், சளி இழுப்புக்கு வைக்கும் அதே நெபுலைசர். பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

நடந்தது என்னவென்று பிறகு விளக்கினார்கள். சத்தியிலும் வயிற்றோட்டத்திலும் உடம்பு வற்றியதால் ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகம் இன்னும் சோர்ந்துவிட்டது, பொட்டாசியத்தை வெளியேற்ற அதற்கு முடியவில்லை. சிறுநீரகத்தைக் காப்பாற்றத் தினமும் கொடுக்கும் எனலாப்ரில் குளிசையும் பொட்டாசியத்தைக் கூட்டும். இப்படி வற்றும் நாளில் அதை நிறுத்தவேண்டுமா என்று உடனே டாக்டரிடம் கேட்டிருக்கவேண்டுமாம். அதற்கு மேல் பொட்டாசியம் நிறைந்த தெம்பிலி இளநீர். ஜீவனியிலும் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கிறது. ஜீவனி கெட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம், வயிற்றோட்டத்தில் எத்தனையோ உயிரைக் காத்த மருந்து அது, ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

அந்தப் பாணி மருந்தும் சும்மா விடக்கூடியது அல்ல. டொம்பெரிடோன், எரித்ரோமைசின், ஒண்டன்செட்ரோன் போன்றவை இதயத் துடிப்பின் மின் ஓட்டத்தைக் குழப்பக்கூடியவை. சிறுநீரக நோயில் இரத்தத்தில் கல்சியம் குறைவது சகஜம், அப்படிக் குறைந்திருந்தால் ஆபத்து கூடுகிறது. டாக்டர் ஈசிஜியும் இரத்தமும் பார்த்து எழுதிக் கொடுத்தால் சரி. கவுண்டரில் கேட்டதும் கொடுப்பது சரியா?

சாப்பாட்டுப் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். வாழைப்பழம், தோடம்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போடத் தேவையில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துத்தான் அளவைச் சொல்வார்கள். கிழங்கை வெட்டி நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டாலே பொட்டாசியம் ஓரளவு குறையும். ஆனால் பிரஷருக்கு நல்லது என்று கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பைத் தொடவே வேண்டாம், பெரும்பாலும் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைட்.

என் ஆதங்கம் இதுதான். கிளினிக் கொப்பியில் எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். தங்கைக்கே விளங்கவில்லை, பேரனைப் பார்க்கும் அம்மம்மாவுக்கு எப்படி விளங்கும்? கொப்பியின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டினால் போதுமே: இந்தப் பிள்ளைக்குச் சிறுநீரக நோய், கேட்காமல் மருந்து கொடுக்கவேண்டாம், சத்தி, வயிற்றோட்டம் என்றால் அன்றே கூட்டிவாருங்கள், கால் சோர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ மயங்கினாலோ 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். அச்சடிக்கப் பெரிய செலவு இல்லை. சுகாதார அமைச்சு மனம் வைக்கவேண்டும்.

நீங்களும் ஒரு சிறுவர் சிறுநீரக வைத்தியரிடம் கேட்டு அரைப் பக்கமாவது போடுங்கள். பாமசி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைக்கு மருந்து கேட்டு வருபவரிடம், பிள்ளைக்கு வேறு வருத்தம் இருக்கிறதா, என்ன குளிசை குடிக்கிறது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஒரு வாசகி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13