அரைப்பேர்

நோர்வூட்,
ஞாயிறு இரவு.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நாலு நாளாக விடாத மழை. தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பாதை முழுக்கச் சேறு.

உன் பதுளைக் கந்தோருக்குப் பெயர் திருத்த வந்தார் என்று நேற்று போனில் சொன்னாயே ஒரு கிழவர், அவர் என் மனசை விட்டுப் போகவில்லை. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். வியாழக்கிழமை வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டேன் என்றாய். உனக்கு வேலை தலைக்கு மேல் இருந்திருக்கும், குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் போனை வைத்ததும் எனக்கு 1993 ஆனி மாதம் ஞாபகம் வந்து தூக்கம் போய்விட்டது.

தோட்டத்தைக் கம்பனி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கும் இதே மழை. அந்தி நிறுவைக்கு நானும் உன் அம்மாயியும் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நிற்கிறோம். இடுப்பில் கட்டின படங்குச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் காலடியில் குளமாகக் கிடக்கிறது. மேலே ரோட்டில் மரம் விழுந்து ஒரு ஜீப் நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கினவர் மழைக்கு ஒதுங்க மடுவத்துக்குள் வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் நனைந்து ஒட்டியிருந்தது. போஸ்டரில் பார்த்த முகம். கணக்கப்பிள்ளை பதறி எழுந்தார், எம்பி ஐயா என்று. பெயர் எழுதவில்லை, வேண்டாம். அவர் கட்சிக்கு உன் அப்பா ஒருநாளும் வோட்டுப் போட்டதில்லை.

அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத்துக்குக் கழித்து, கூடைக்குக் கழித்து, அம்மாயிக்குக் கிலோ காணவில்லை. அரைப்பேர் விழுந்தது, அரைநாள் சம்பளம்தான். வெறுங்கூடையோடு திரும்பினவளிடம் அவர், "உங்க பேரு என்னங்கம்மா?" என்று கேட்டார்.

"அரைப்பேருங்க சாமி. மழைங்க."

வரிசையில் ரெண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. "அது இல்லைங்கம்மா, உங்களுக்கு வச்ச பேரு" என்றார். அம்மாயி என் முகத்தைப் பார்த்தாள். துரை முதல் கங்காணி வரை எல்லோருக்கும் அவள் 'இந்தா', 'ஏய்' தான். 'நீங்க' என்று வெளி ஆள் ஒருவர் சொல்லி அவள் கேட்டதே அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பெயரை மெதுவாகச் சொன்னாள். அவர் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து எழுதி, என்னிடம் நீட்டி, "சரியா இருக்கா பாருங்க" என்றார். கடைசி எழுத்து பிழை. சொல்லவே எனக்குப் பயம். சொன்னேன். வெட்டிவிட்டு முழுப் பெயரையும் திரும்ப எழுதினார்.

பிறகு பிரஜாவுரிமைப் பதிவைப் பற்றிக் கேட்டார். உனக்குத் தெரியும், தாத்தா 1964 ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜாவுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அவருடைய அண்ணன் குடும்பம் ஹட்டனில் கோச்சி வண்டி ஏறிப் போய்விட்டது. நமக்குப் பாஸ்போர்ட் வந்து, போகிற நாளுக்காகக் காத்திருக்கும்போதே, 1984இல் யுத்தத்தால் தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. 1988 சட்டம் வந்தபோது, இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்காதவர்கள் சத்தியக் கடதாசி காட்டிப் பிரஜைகள் ஆனார்கள். நாங்கள் அதிலும் இல்லை. 1947இல் அம்மாயியின் அப்பா வோட்டுப் போட்டிருக்கிறார். அந்தத் தேர்தலில் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷச் சட்டத்தில் பிரஜாவுரிமை போனது, 1949 சட்டத்தோடு வோட்டும் போயிற்று.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப இருக்கிற சட்டத்துல உங்களுக்கு இடம் இல்லைங்கம்மா. செஞ்சு தாரேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். மரத்தை வெட்டி வழி எடுத்ததும் போய்விட்டார்.

அவரைப் பெரிய மகான் என்று சொல்ல வரவில்லை. அடுத்த தேர்தலில் அவருடைய வேன் ஒலிபெருக்கியோடு அதே ரோட்டில் போனது. கும்பிட்டபடியே போனார், நிற்கவில்லை. எனக்கு அது வலித்தது. அம்மாயிக்கு வலிக்கவில்லை. "ரெண்டு தடவ எழுதினாருடி" என்பதைத்தான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அந்தக் கொப்பிதான் கண்ணில் நிற்கிறது. ஈரக் கையால் தாளை நனைக்காமல், விரல் நுனியில் பிடித்துக்கொண்டு எழுதினார். இல்லை என்பதையும் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வாக்குறுதி கேட்டிருக்கிறோம்! ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

2003 சட்டம் வந்த பிறகுதான் அம்மாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. முதல் வோட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். உள்ளே எழுத்தர் இடாப்பைப் பார்த்துப் பெயரைச் சத்தமாக வாசித்தார். பிழையில்லாமல் வாசித்தார். அவள் அசையாமல் நின்றாள். காது கேட்கவில்லையோ என்று நான் தோளைத் தொட்டேன். வெளியே வந்து மைப் பூசின விரலைக் காற்றில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு முழுப்பேருடி" என்றாள்.

அந்தக் கிழவருடைய பெயரும் இப்படித்தான் எவரோ ஒருவர் அவசரத்தில் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததாக இருக்கும். பதுளைக்கு வந்துபோகிற பஸ் காசே அவருக்கு ஒரு நாள் சம்பளத்தில் பாதி. முடிந்தால் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லி, வீட்டில் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேள். சட்டத்தில் வழி இல்லை என்றால் அதையும் நீயே சொல்லு, இன்னொரு வியாழக்கிழமைக்கு அனுப்பாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொள். கருவாடும் இஞ்சியும் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். வியாழக்கிழமை அவர் வந்தாரா என்று எனக்குச் சொல்லு.

அம்மா