கடல் கொண்ட கதையைச் சேற்றில் தேடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொல்லியல் துறையினருக்கு,

வணக்கம்.

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் வயலுக்குள் கடல் வந்தது. தண்ணீர் வடிந்தபோது, பயிர் நின்ற இடத்தில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கருமணல் கிடந்தது. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். மணலைப் பற்றி யோசிக்க யாருக்கும் மனமில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டியபோது, வண்டலுக்கு அடியில் அந்த மணல் கோடு இழுத்ததுபோல் தெரிந்தது. அதற்குக் கீழே மறுபடியும் களிமண். அன்றிலிருந்து, காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த சோழர் துறைமுகமான பூம்புகாரைக் கடல் கொண்டதா என்று யார் வாதிட்டாலும் எனக்கு அந்தக் கோடுதான் நினைவுக்கு வருகிறது.

அந்த வாதம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று மணிமேகலை. மகனைத் தேடிய துயரத்தில் சோழன் இந்திர விழாவை மறந்தான், தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது என்கிறது காப்பியம். இன்னொன்று, 1991இல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்ட குதிரை லாட வடிவ அமைப்பு. அந்த ஆழம் தரையாக இருந்தது பனியுகக் கடல்மட்டம் இன்னும் முழுதாக உயராத காலத்தில், ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். அதைச் சங்ககாலப் பட்டினத்தோடு ஒட்டவைத்துப் பேசுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

காப்பியத்தை நான் தள்ளிவைக்கவில்லை. அது சொல்லும் ஒரு செய்தியை நாம் போதுமான அளவு படிக்கவில்லை என்பதே என் வருத்தம். ஊர் மூழ்கியபோது அரசன் தனியாக வெளியேறுகிறான். மணிமேகலையின் தாய் மாதவியும் தோழி சுதமதியும் பௌத்தத் துறவி அறவண அடிகளோடு சேர நாட்டு வஞ்சிக்குப் போய்ச் சேர்கிறார்கள். நகரம் போனது, மனிதர்கள் பிழைத்து வேறு ஊர் தேடினார்கள் என்பதுதான் அங்கே கதை. அதன் பிறகும் காவிரிப்பட்டினம் என்ற அதே பூம்புகாரில் வாழ்க்கை இருந்திருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் பௌத்தத் துறவி புத்ததத்தர் அங்கே தங்கிப் பாலி நூல் எழுதினார். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் அங்குள்ள சிவன் கோயிலான பல்லவனீச்சரத்தைப் பாடினார். கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையும் பல்லவனீச்சரத்துப் புத்த விகாரையும் கரையில்தான் கிடைத்தன. அப்படியானால் கடல் எதைக் கொண்டது? துறைமுகப் பகுதியையா, ஒரு கடலோரத் தெருவையா? ஒரே நாளிலா, இருநூறு ஆண்டுகளிலா?

மெல்ல மெல்லக் கொள்வதும் கடலின் வழக்கம்தான். தெற்கே தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை வருடக்கணக்காக அரித்தே தின்றது. காவிரியின் பெருநீர் கொள்ளிடத்தின் வழியே திரும்பினால் பூம்புகார்க் கரைக்கு வந்து சேரும் வண்டல் குறையும். வண்டல் குறைந்த கரையைக் கடல் விட்டுவைப்பதில்லை. ஆகவே ஆழிப்பேரலையா அரிப்பா என்பது உணர்ச்சியால் தீராது. மண்ணைக் கேட்க வேண்டும்.

பிற நாடுகளில் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். ஏஜியன் கடலின் தேரா எரிமலை ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. கிரீட் தீவின் மினோவன் நாகரிகத்தை அதுவே அழித்தது என்று 1939இல் கிரேக்கத் தொல்லியலாளர் மாரினாடோஸ் எழுதினார். கவர்ச்சியான கருத்து. ஆனால் 1967இல் அவரே தேராவில் அக்ரோதிரி என்ற பழைய ஊரைத் தோண்டத் தொடங்கியபோது, சாம்பலுக்கு அடியில் மாடி வீடுகளும் சுவரோவியங்களும் இருந்தன, வீடுகளுக்குள் மாண்டவர்களின் உடல்கள் இல்லை. முன்னதாக வந்த நிலநடுக்கம் ஊரைக் காலிசெய்ய வைத்திருந்தது. கிரீட்டின் அரண்மனை வாழ்வும் வெடிப்புக்குப் பின் சில தலைமுறைகள் தொடர்ந்தது. அதே சமயம், கிரீட்டின் கிழக்குக் கரையில் பலைகாஸ்ட்ரோவில் எரிமலைச் சாம்பலும் இடிபாடும் கடலுயிரி ஓடுகளும் கலந்து படிந்த அடுக்கு கிடைத்தது. பேரலை வந்தது உண்மை, நாகரிகம் அன்றோடு முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னது மண்தான்.

நமக்கு இன்னும் நெருங்கிய பாடம் தாய்லாந்தில் இருக்கிறது. பிரா தோங் தீவில் கரைமேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில், 2004 மணலுக்குக் கீழே கரிய சேறும், அதற்கும் கீழே இன்னொரு கடல்மணல் அடுக்கும் இருந்தன. அந்தப் பழைய மணலுக்கு அடியில் மண்ணில் கிடந்த மரப்பட்டைத் துணுக்குகளைக் கரிமக் காலக் கணிப்புக்கு அனுப்பி, அந்தப் பழைய அலை 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்தது என்று கண்டார்கள். நம் வயலில் வந்த அதே கடல், அதே விதமான மணல்.

என் வேண்டுகோள் இதுதான். கடலுக்குள் தேடுவதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது கரைக்குப் பின்னால் உள்ள சேற்றுக்குக் கிடைக்கட்டும். வானகிரி, கீழையூர், மேலையூர்ப் பகுதிகளின் பழைய கழிகளிலும் தாழ்நிலங்களிலும் குழாய் இறக்கி மண் எடுங்கள். மணல் அடுக்கு இருந்தால் அதில் கடலின் நுண்ணுயிரி ஓடுகள் இருக்கின்றனவா, அடியில் பருமணலும் மேலே நுண்மணலுமாகப் படிந்திருக்கிறதா, எவ்வளவு தூரம் உள்ளே பரவியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அதையும் தமிழில் வெளியிடுங்கள். மணிமேகலை அதனால் சிறுத்துவிடாது.

தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. இறால் குட்டைக்காகவும் மனைக்காகவும் வெட்டும் இடங்களில் மேலே உள்ள சில மீட்டர் மண் புரண்டு கலந்துவிடுகிறது. அடுக்கு கலைந்தால் ஆயிரம் ஆண்டுக் கணக்கும் கலைந்துவிடும்.

எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அந்தக் கோடு இன்னும் கலையாமல் இருக்கிறது. நீங்கள் வந்தால் எந்த நாளானாலும் நானே மண்வெட்டியோடு நின்று இடம் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடை விவசாயி ஒருவன்