கீதாவுக்கு அவசரப்பட வேண்டாம்

மதுரை
செவ்வாய் இரவு

அன்புள்ள மல்லிகா,

நேற்று போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்கும் பேச்சு வரவில்லை. சொல்லாமல் விட்டதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்.

கீதாவுக்கு வலி இறங்கிவிட்டது, காய்ச்சல் இல்லை, முதல் நாள் 4-க்கு மேல் இருந்த பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் காமாலையைக் காட்டும் அளவு) இப்போது 0.9 என்றாய். பித்தப்பையிலிருந்து இறங்கிய கல் கணையத்தைச் சீண்டிவிட்டுத் தானே குடலில் விழுந்திருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆகிறது. பிறகு ஏன் "எதற்கும் ஒரு ஈ.ஆர்.சி.பி. செய்துவிடலாம்" என்கிறார்கள்? வாய்வழியாக டியூப் விட்டுப் பித்தக்குழாய்க் கல்லை எடுக்கிற சிகிச்சை அது. அந்த "எதற்கும்"தான் என்னைத் தூங்கவிடவில்லை.

என்டோஸ்கோபி அறையில் 11 வருஷம் நின்றவள் நான். டியூப் முன்சிறுகுடல் வரை போகும். அங்கே பித்தக்குழாயும் கணையக் குழாயும் மல்லிகை மொட்டு மாதிரி ஒரு சின்ன முகப்பில் சேர்ந்து திறக்கின்றன. டாக்டர் தேடுவது பித்தக்குழாயை. அதற்குள் விடும் மெல்லிய ஒயர் சில சமயம் கணையக் குழாயில் போய்விடும். திரும்பத் திரும்ப முயன்றால் அந்த வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காக ஏற்றும் சாயம் கணையத்துக்குள் ஏறினால் இன்னும் மோசம். சாறு வெளியேற வழியில்லாமல் கணையம் தன்னையே அரிக்கத் தொடங்கும். நூறு பேருக்குச் செய்தால் 3 முதல் 10 பேருக்கு இப்படிக் கணைய அழற்சி வருகிறது. ரத்தக் கசிவும் குடலில் ஓட்டையும் அபூர்வம்தான், ஆனால் உண்டு. இளம் பெண்கள், பிலிருபின் சரியாக இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல். கீதாவுக்கு 31 வயது, மல்லிகா.

அவள் வயதுப் பெண் ஒருத்திக்கு நானே ஒயர் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேனில் கல் தெரியவில்லை, சந்தேகத்தின் பேரில்தான் செய்தார்கள். மூன்று தடவை ஒயர் கணையத்துக்குள் போயிற்று. கடைசியில் பித்தக்குழாய் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ராத்திரி முதுகு வரை வலி. 23 நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். பிழைத்தாள். அவள் அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தச் சிகிச்சையே கூடாது என்று சொல்வதாக நினைக்காதே. என் அண்ணன் உயிரோடு இருப்பதே அதனால்தான். மஞ்சள் காமாலை, குளிர் ஜுரம், பி.பி. இறங்கிக்கொண்டே வந்தது. குழாயைத் திறந்ததும் சீழ் கொப்பளித்து வந்தது. மறுநாள் காலையில் காப்பி கேட்டான். பித்தக்குழாயில் சீழ் பிடித்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அது இல்லாதபோது நிலைமை வேறு. 2020-இல் நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பித்தக்கல்லால் கணைய அழற்சி வந்து, தீவிரமாகும் என்று பயந்த நோயாளிகளுக்கே, சீழ் இல்லாதபோது அவசர ஈ.ஆர்.சி.பி. செய்ததில் சொல்லும்படியான பலன் இல்லை.

அதனால் முதலில் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் கேள். டியூப் கிடையாது, குழாயில் கல் நிற்கிறதா என்று பெரும்பாலும் படத்திலேயே தெரியும். கல் இருந்தால் பெரும்பாலும் ஈ.ஆர்.சி.பி. செய்ய வேண்டிவரும். அப்படியானால் இதை அடிக்கடி செய்கிற டாக்டரிடமே போங்கள். இன்டோமெதசின் மாத்திரையை ஆசனவாயில் வைப்பீர்களா என்று கூச்சப்படாமல் கேள். 2012-இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவர்களில் கணைய அழற்சி 17 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாக இறங்கியது அந்தச் சாதாரண மாத்திரையால்தான். ஒயர் கணையத்துக்குள் போய்விட்டால் அங்கே சாறு வடியச் சின்ன ஸ்டென்ட் குழாய் வைப்பார்களா என்றும் கேட்டுக்கொள்.

பித்தப்பையை எடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அழற்சி லேசானது என்றால், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. பால்குடி மறக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் மறுபடி இந்த வலியில் துடிக்க வேண்டாம்.

இங்கே எல்லாரும் சுகம். போன வாரக் காற்றில் கொல்லை முருங்கை சாய்ந்துவிட்டது. முட்டிவலி அப்படியேதான், ஆனாலும் வியாழக்கிழமை காலை பஸ்ஸில் தஞ்சாவூர் வருகிறேன். ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வை. டாக்டரிடம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே பேசுவோம். அதுவரை, என்ன ஏதென்று புரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

உன்,
சரோஜா